ரோதமுனிக்கு ஒரு தீர்மானம்

கமிட்டிக்கு முதல் தடவையாகத் தேர்வாகி வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உங்கள் அனுபவத்தில் ஒன்றை எழுதிக் கொடுங்கள் என்று தொழிற்சங்கத்தில் கேட்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். ராணுவ டிப்போவில் ஸ்டோர்மேனாகச் சேர்ந்து, ஸ்டோர்மேனாகவே ஓய்வு பெற்றவன். முருகன் புண்ணியத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கமிட்டி என்ற பேச்சை எடுத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பரபரக்கும். சிரிக்காதீர்கள், முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

ராணுவம் என்றால் மேலே ஒருவர் உத்தரவு போடுவார், கீழே எல்லாரும் சல்யூட் அடிப்பார்கள் என்றுதான் நானும் நினைத்து வந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு கிழிந்த கம்பளியைக் கணக்கில் இருந்து கழிக்க மூன்று அதிகாரிகள் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அதற்குப் பெயர் போர்டு. ஒருவர் கம்பளியை விரித்துப் பிடித்தார். இன்னொருவர் அந்தப் பக்கத்தில் இருந்து ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். மூன்றாமவர், "ஓட்டை தெரிகிறது" என்று எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கம்பளி செத்ததாக அர்த்தம். முட்டை வாங்க ஒரு போர்டு, லாரி டயர் கழிக்க ஒரு போர்டு, குவார்ட்டர்ஸ் ஒதுக்க ஒரு கமிட்டி, கேன்டீனுக்கு ஒரு கமிட்டி. தில்லியில் அமைச்சகம் வரைக்கும் இதே கதைதான். தொழிற்சாலைக்கு ஒரு போர்டு, நிலத்துக்கு ஒன்று, ஆயுதம் வாங்குவதற்கு ஒன்று. எந்த நாற்காலியில் யார் இருந்தாலும் தனியாக ஒன்றைத் தீர்த்துவிட முடியாது.

"கமிட்டி போட்டாச்சா? அப்ப காரியம் ஆன மாதிரிதான்" என்று நீங்கள் கேன்டீனில் கிண்டல் பேசுவது எனக்குத் தெரியும். நாங்களும் பேசினோம். காளியப்பன் விஷயம் வரும் வரைக்கும்.

அது சிலோனில் இருந்து நம் ஜனங்கள் கப்பலேறி வந்துகொண்டிருந்த காலம். கப்பலை விட்டு இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கையில் சர்க்கார் கொடுத்த ஃபேமிலி கார்டோடு எங்கள் மலைக்கு ஏறி வந்தார்கள். பலர் எஸ்டேட்டுகளுக்குப் போனார்கள். சில பேருக்கு அரசாங்க வேலை கிடைத்தது. எங்கள் டிப்போவுக்கு அப்படி வந்த முதல் ஆள் காளியப்பன். ஒல்லியான ஆள், முப்பது வயதிருக்கும், சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருப்பான். அதிகாரி யாராக இருந்தாலும் அவனுக்குத் 'தொரை'தான். தீயணைப்பு பம்ப் ரூமில் உதவியாளாகப் போட்டார்கள். வேலை நிரந்தரமாக ஒரு வருஷ காலம் பொறுக்க வேண்டும். அதற்குள் ஒரு தப்பு வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் பம்ப் ரூம் இருந்த இடம் பெட்ரோல் டிரம்கள் அடுக்கிய வேலிக்குள். பீடி, தீப்பெட்டி எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. ஒரு காலையில் ஃபயர் சூப்பர்வைசர் போஜன் ரவுண்டு வந்தபோது கற்பூர வாசனை அடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், பம்பு எஞ்சினின் பெரிய இரும்புச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு தட்டு. தேங்காய், பழம், பூ. நடுவில் கற்பூரம் ஜெகஜோதியாக எரிகிறது. காளியப்பன் கண்ணை மூடிக் கும்பிட்டு நிற்கிறான். பத்தடி தள்ளி டிரம் வரிசை.

போஜன் மணல் வாளியை அப்படியே தட்டின் மேல் கவிழ்த்துவிட்டார். கேட்டில் இருந்த காவலர் தட்டில் பூவைப் பார்த்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே விட்டிருக்கிறார். பூவுக்கு அடியில்தான் தீப்பெட்டி. காவலரின் கதை வேறொரு கமிட்டிக்குப் போயிற்று. காளியப்பன் கதை எங்கள் பாதுகாப்புக் கமிட்டிக்கு வந்தது.

கமிட்டியில் நாலு பேர். தலைவர் ஒரு மேஜர். ஆந்திராக்காரர், தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது கொஞ்சம் உதைக்கும். குற்றம் கண்டுபிடித்த போஜனும் ஓர் உறுப்பினர். ஜெகதளாப் பக்கத்துப் படுகர், வேலையில் நெருப்பு மாதிரி. தொழிலாளர் தரப்புக்கு நான். மினிட்ஸ் எழுத ஹெட்கிளார்க் அருளப்பன். காந்தலில் இருந்து பஸ் பிடித்து வருகிறவர், சர்ச்சுக்குத் தவறாதவர்.

உள்ளே போகும் முன் அருளப்பன் சார் என்னை ஓரமாக இழுத்தார். "கவனமாக் கேளுங்க. நாலு பேரும் ஒத்துப்போய் எழுதினா முடிவு இங்கேயே நிக்கும். கமாண்டன்ட் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. நீங்க மட்டும் மாறி எழுதினீங்கன்னா ஃபைல் மேலே போயிடும்."

"போகட்டுமுங்க. மேலே பெரியவங்க பார்த்து நல்லது பண்ண மாட்டாங்களா?"

"மேலேயும் ஒரு போர்டுதான் உட்காரும். அவங்களுக்குக் காளியப்பன் முகம் தெரியுமா? பெட்ரோல், தீப்பெட்டின்னு ரெண்டு வார்த்தையைப் பார்ப்பாங்க. அப்புறம் என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க."

வேலையை விட்டு அனுப்பச் சொல்லித்தான் போஜன் எழுதுவார். அதற்கு நான் சரி என்றால் காளியப்பன் இன்றைக்கே போவான். மாறி எழுதினால் கொஞ்ச நாள் கழித்துப் போவான். அவன் பிழைக்க ஒரே வழி, இந்த அறையில், இந்த நாலு பேரும் ஒரே வார்த்தைக்கு வருவதுதான். முருகா என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மேஜர் நல்ல மனிதர். வழி கொடுக்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "காளியப்பா, தெரியாம செஞ்சுட்டே. மறுபடி செய்ய மாட்டே. அவ்வளவுதானே?"

மாட்டேன் என்று ஒரு வார்த்தை. நான் மனசுக்குள் அவனுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் கைகட்டி நின்று சொன்னான்:

"பொய் சொல்லக் கூடாதுங்க தொரை. அன்னைக்குத்தான் மொத மொதலா நானே எஞ்சினைச் சுத்திவிட இருந்துச்சி. ரோதமுனியைக் கும்பிடாம எப்படிங்க தொரை ரோதையைத் தொடுறது? கைய வாங்கிடுமே!"

ரோதை என்றால் அவர்கள் பேச்சில் சக்கரம். சிலோன் தேயிலை ஃபேக்டரிகளில் சக்கரத்துக்குக் காவலாக ஒரு முனி உண்டு. அதைக் கும்பிடாமல் அங்கே எந்த எஞ்சினும் ஓடாது. இதை அவன் விளக்கி முடிப்பதற்குள் போஜன் மேசையைத் தட்டிவிட்டார்.

"கேட்டீங்களா சார்? மறுபடியும் பத்த வெப்பானாம்! நான் சாமிக்கு எதிரி இல்லீங்க. என்ற ஊட்டுலயும் வெளக்கு எரியுது. ஆனா பெட்ரோலுக்கு எந்தச் சாமியும் தெரியாது. ஒரு பொறி போதும். இவன், நான், இந்த மேசை, கீழே பள்ளத்துல இருக்கற ஊடுக, ஒண்ணும் மிஞ்சாது."

தம்பிகளே, போஜன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. காளியப்பன் பயமும் எனக்குப் புரிந்தது. நானே விபூதி இல்லாமல் ஸ்டோர் பூட்டைத் திறந்தவன் இல்லை. இரண்டு பேரும் சரியாக இருந்தால் என்ன செய்வது? புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் சத்தம் போடத் தொடங்குவார்கள். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டேன்.

"காளியப்பா, கற்பூரம்தான் காட்டணுமுன்னு யாரு சொன்னது?"

"எங்க கோயில் கமிட்டிங்கண்ணே."

அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"கமிட்டியா?" என்றார் மேஜர்.

"ஆமாங்க தொரை. எங்க காலனியில கூட்டம் போட்டுத் தீர்மானம் பண்ணுனாங்க. மெசின் வேலைக்குப் போற மொத ஆளு, காலனி பேரால ரோதமுனிக்குப் பூசை வெக்கணும்னு. தட்டு, தேங்காய் எல்லாம் அவங்க குடுத்து விட்டதுங்க. நானா மாத்திக்க ஏலாது."

மேஜர் என்னைப் பார்த்தார், அருளப்பனைப் பார்த்தார், பிறகு வெடித்துச் சிரித்தார். "அருளப்பன், இவனுக்கு மேலேயும் ஒரு போர்டு இருக்கு!"

எனக்கு அந்த நிமிஷம் பளிச்சென்று ஒரு வழி தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டேன். "ஐயா, போர்டு போட்ட தீர்மானத்தைப் போர்டுதானுங்க மாத்த முடியும். நாளைக்குக் காலையில வரைக்கும் தள்ளி வையுங்க. நான் போய் அவங்க கமிட்டியைப் பார்த்துட்டு வர்றனுங்க."

"டைம் வேஸ்ட்" என்றார் போஜன்.

"நாளை பத்து மணி" என்றார் மேஜர். "அதுக்கு மேலே இல்லை."

அன்றைக்கே காளியப்பனோடு அவர்கள் காலனிக்குப் போனேன். சரிவில் வரிசையாக ஓட்டு வீடுகள். அதை லயம் என்றுதான் சொல்வார்கள். கடைசியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி, தகரம் போட்டிருந்தார்கள். அதுதான் அவர்கள் அம்மன் கோயில். தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு எல்லாரும் திரும்பும் நேரம். கோயில் கமிட்டிக்குத் தலைவி பாக்கியம் என்கிற அம்மாள். இடுப்பைச் சுற்றிக் கட்டிய சாக்குத் துணியை, படங்கு என்பார்கள், அதைக்கூட அவிழ்க்காமல் திண்ணையில் உட்கார்ந்து, "தேத்தண்ணி குடுங்கடி ஸ்டோர்க்கார அண்ணனுக்கு" என்று உத்தரவு போட்டார். கூட்டம் சேர்ந்தது.

நான் விஷயத்தைச் சொன்னேன். பெட்ரோல் என்றதும் சிலர் முகம் மாறியது. பிறகு தொடங்கியது பாருங்கள் வேடிக்கை! ஒவ்வொருவரும் சிலோனில் ஒவ்வொரு தோட்டத்தில் இருந்து வந்தவர்கள்.

"கப்பூரம் இல்லாம ரோதமுனியா? எங்க பதுளைப் பக்கம் கெடா வெட்டித்தான் ரோதையையே சுத்த விடுவோம்" என்றார் ஒரு பெரியவர்.

"ஒங்க தோட்டத்து ரோதை என்னைக்கு மாமா சுத்துச்சி? ஒங்களுக்கும் சேத்து எங்க ஃபேக்டரியிலதானே கொழுந்து அரைச்சீங்க?" என்று ஒரு பொம்பளை கேட்க, கூட்டம் சிரித்தது.

"ஹட்டன்ல எங்க தொரை எலுமிச்சம்பழம் மட்டும்தான் வெக்க விட்டாரு."

"அதனாலதான் ஒங்க தொரை சீமைக்கு ஓடிட்டாரு!"

"சும்மா இருங்கடா!" என்றார் பாக்கியம். "ரோதமுனிக்குக் கல்லு எங்க இருந்துச்சி? அதச் சொல்லுங்க. ஃபேக்டரிக்குள்ளயா, வெளியவா?"

எல்லாரும் யோசித்தார்கள். எல்லாத் தோட்டத்திலும் ஒன்றாக இருந்தது அது ஒன்றுதான். கல் எப்போதும் வெளியேதான் இருந்திருக்கிறது. ஃபேக்டரிக்குப் பக்கத்தில், தண்ணீர் வரும் கால்வாய் ஓரமாக.

"அப்பறம் இங்க ஏண்டா ரோதைக்கிட்டயே போய்க் கொளுத்தினே?" என்று காளியப்பனைக் கேட்டார்.

"இங்க ஏதுக்கா கல்லு? சாமி எங்க வந்து நிக்கும்னு நெனச்சேன். அதான் ரோதைக்கே காட்டினேன்."

யாரும் சிரிக்கவில்லை. கடல் தாண்டி வந்த எல்லோருக்கும் அந்தக் கவலை இருந்திருக்க வேண்டும். ஒரு கிழவர் மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

பாக்கியம் எழுந்தார். "அம்மனுக்குப் பக்கத்துலயே ரோதமுனிக்கும் ஒரு கல்லு நடுவோம். கப்பூரம் இங்க. அங்க ரோதைக்கு ஒரு எலுமிச்சம்பழம் மட்டும். எல்லாருக்கும் சம்மதந்தானே?" கைகளைத் தூக்கினார்கள். பதுளைக்காரர் கையைக் காணோம். அவர் பேத்தி அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

நான் துள்ளிவிட்டேன். ஆனால் பாக்கியம் விடவில்லை.

"பொறுங்கண்ணே. சாமிக்கு நாங்க எடத்த மாத்துறோம். ஏன்னு சாமிக்கு ஒருத்தர் சொல்லணும்ல? காலையில கல்லு நடுறப்போ ஒங்க கமிட்டியில இருந்து ஒரு ஆளு வந்து நிக்கணும்."

"நான் வர்றனுங்க!"

"நீங்க கும்புடுற ஆளு. நீங்க வந்தா சாமி என்ன கேக்கும்? வேணாம்னு சொன்னவரு வரணும்."

தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. போஜனா? நல்ல வார்த்தை சொன்னாலே திட்டாகக் கேட்கும் குரல் அவருடையது. ஆனால் அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. பஸ்ஸைப் பிடித்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஜெகதளாவில் அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

போஜன் முட்டைக்கோஸ் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் கயிற்றைக் கீழே போட்டார். "ஏனுங்க, தப்புப் பண்ணுனது அவன். நான் போய் அவுங்க சாமிகிட்டப் பதில் சொல்லணுமா? என்ற சர்வீஸ்ல இப்படி ஒண்ணு கேட்டதில்லீங்."

"நானும் கேட்டதில்லீங்க."

உள்ளே இருந்து அவர் வீட்டம்மாவின் குரல் வந்தது. "ஊர்ல எங்க நெருப்புன்னாலும் சோத்தைப் பாதியில உட்டுப்போட்டு ஓடறீங்க. சாமி கூப்புட்டா மட்டும் கால் வலிக்குதா?"

போஜன் கயிற்றை எடுத்தார். மூட்டையை மறுபடி இறுக்கிக் கட்டினார். எனக்கு ஒரு டம்ளர் காப்பி வந்தது, குடித்து முடித்தேன். நான் கிளம்பிப் படியிறங்கும்போது கேட்டார்: "கற்பூரம் எத்தனை மணிக்கு?"

காலையில் வந்தார். யூனிபாரத்தில், கையில் ஒரு மணல் வாளியோடு! காலனி முழுக்க அந்த வாளியைப் பார்த்தது. "சாமிக்குச் சீர்வரிசை வருது டோய்" என்றான் ஒருத்தன். போஜன் கண்டுகொள்ளவில்லை. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். கற்பூரத் தட்டை நாலடி தள்ளி வைக்கச் சொன்னார். புதுக் கல்லுக்கு மஞ்சள் பூசி, பாக்கியம் கற்பூரம் ஏற்றினார்.

போஜன் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"சாமி, உள்ளே நெருப்பு வேண்டாமுன்னு சொன்னவன் நான்தான். அங்க பெட்ரோல் இருக்குது. கோவமுன்னா என்ற மேல காட்டு. இவன் மேல காட்டாதே."

அவ்வளவுதான். அந்தக் கரகரத்த குரலில்தான் சொன்னார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அவர் அதட்டுவதை மட்டுமே கேட்டிருந்தேன்.

பத்து மணிக்கு மேஜர் அதே கேள்வியைக் கேட்டார். காளியப்பன் நெற்றி நிறைய விபூதியோடு நின்றான். "செய்ய மாட்டேங்க தொரை. கூட்டத்துல தீர்மானமாயிடுச்சி. கப்பூரம் வெளிய, எலுமிச்சம்பழம் உள்ள."

"போஜன்?"

"எலுமிச்சம்பழம் தீப்பிடிக்காதுங்க சார். எழுதிக்குங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை."

அருளப்பன் சார் பேனாவை வைத்துக்கொண்டு தவித்தார். "சார், காரணம்னு என்ன எழுதறது? ரோதமுனின்னா மேலே யாருக்கும் புரியாதே?"

மேஜர் யோசித்தார். "இனி இப்படி நடக்காது என்பதற்குக் கமிட்டிக்குத் திருப்தியான உறுதி கிடைத்தது. கடும் எச்சரிக்கையோடு வேலையில் தொடரலாம். போதும்." நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்து மட்டும் குதித்துக் குதித்து இருந்தது.

தம்பிகளே, தங்கைகளே, அன்றைக்கு நான் மாறி எழுதி வீராப்புக் காட்டியிருக்கலாம். சங்கத்தில் தோளில் தூக்கியிருப்பார்கள். காளியப்பன் மூட்டை கட்டியிருப்பான். கமிட்டியில் உட்காரும்போது எதிரே இருப்பவர் தோற்பதற்காக உட்காராதீர்கள். அவரும் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு வார்த்தை வெளியே எங்கேயோ கிடக்கும். அதைத் தேடிக்கொண்டு வர ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள். அந்த அவகாசத்துக்காகத்தான் இத்தனை போர்டும் கமிட்டியும் என்று நான் நம்புகிறேன். ஒரே ஆள் தீர்க்கிற இடமாக இருந்திருந்தால், முதல் நாளே தீர்த்துக் கட்டியிருப்பார்கள்.

கமாண்டன்ட் கையெழுத்து அப்போதே வந்துவிட்டது. மேஜர் விடவில்லை. "வாங்க, எஞ்சினை ஓட்டிக் காட்டட்டும்" என்றார். நாங்கள் எல்லாரும் பம்ப் ரூமுக்குப் போனோம். ஃபயர் ஆட்களும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க உள்ளே நெருக்கியடித்து வந்துவிட்டார்கள்.

காளியப்பன் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்குக் கீழே வைத்தான். கும்பிட்டான். கையை நீட்டினான். கை பாதியில் நின்றுவிட்டது. கூட்டத்தில் முடிவானது வேறு, இரும்பைத் தொடுவது வேறு அல்லவா? மேஜர் வாயைத் திறக்கப் போனார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

போஜன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். சட்டைக் கையை மடித்துவிட்டார். அந்தச் சக்கரத்தைத் தன் இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, காளியப்பனை ஒரு பார்வை பார்த்தார்.

காளியப்பன் அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே சுழற்று. எஞ்சின் இருமியது, புகைந்தது, அப்புறம் கடகடவென்று பிடித்துக்கொண்டது. நான் "முருகா!" என்று கத்தியே விட்டேன்.

ஆனால் ஹோஸ் குழாய்க்கு ஆள் யார்? எல்லாரும்தான் உள்ளே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறோமே! வெளியே கிடந்த குழாய் மலைப்பாம்பு மாதிரி எழுந்து ஆடி, கதவு வழியாக எங்கள் மேல் தண்ணீரைக் கொட்டியது. அருளப்பன் சார் மினிட்ஸைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார். காளியப்பன் சக்கரத்தின் பக்கத்தை விட்டு நகராமல் சிரித்துக்கொண்டு நின்றான். மேஜரின் தொப்பி டிரம் வரிசைப் பக்கமாக மிதந்து போனது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவே அறிவித்தார்:

"கமிட்டி கலையலாம்!"